மாஹே தீவுக்கு வர இயலாமை குறித்து

வண்டிகேட், சிதம்பரம்.
18-4-2010

மதிப்பிற்குரிய மச்சான் திரு. கதிர்வேல் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவர் சிங்காரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். தங்கள் அக்காள் ரத்தினம்மாளும் சுகம். தெருக்குழாய் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுகம். அங்கு தாங்களும், தங்கள் மனைவி திருமதி மரி-தெரேஸ் அவர்களும், தங்கள் இரும்புச் சாமான் கடையும், சீஷெல்ஸ் நாட்டின் பெரிய தீவு, சின்னத் தீவு அனைத்தும் நலமாயிருக்கத் தில்லைக் காளியை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. மே மாதம் நாங்கள் இருவரும் மாஹே வந்து தங்கி, அங்கிருந்து படகில் மற்ற தீவுகளையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று தாங்கள் அழைத்தது பற்றி. போனில் நீ எப்போது பேசினாலும், "மாமா, வர்றீங்களா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறாய். இது ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவன் நான். எந்த ஊருக்குப் போகிறவனையும் ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை. கடைசியில் அகலப்பாதை வேலைக்காக ரயிலே ஓடாத ஸ்டேஷனிலிருந்து ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பிரயாணம் என்று வந்தபோது என்னவெல்லாம் நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அக்காவின் மனநிலை உனக்குத் தெரியாததல்ல. உங்கள் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நீ அங்கேயே ஒரு கிரியோல் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோவை மட்டும் தபாலில் அனுப்பியது முதல் எட்டு வருஷமாக அவள் உன்னோடு பேசவில்லை. நீ போன் செய்தால் நான்தான் எடுப்பேன். அவள் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "அங்க மழ பெய்யுதான்னு கேளுங்க, நான் கேட்டன்னு சொல்லாதீங்க" என்பாள். நான் மழை பெய்கிறதா என்று கேட்பேன். நீயும் பெய்கிறது என்பாய். அதுதான் உங்கள் இருவருக்குமான போக்குவரத்து.

உன் அழைப்பை நான் சொன்னதும் அவள், "அவன் கூப்புட்டா நான் போவணுமா? கடலு பாக்கணும்னா கடலூருக்குப் போனா தேவனாம்பட்டினத்துல இருக்குது, அஞ்சு ரூவா பஜ்ஜியோட பாத்துட்டு வருவேன்" என்றாள். நான் விட்டுவிட்டேன். மறுநாள் தையல்கடைக்காரர் வீட்டுக்கு வந்து, வெளிநாட்டுக்கென்று தைக்கச் சொன்ன ரவிக்கைகளுக்குக் கை நீளம் எவ்வளவு வைப்பது என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அங்கே வெயில் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது பாஸ்போர்ட். அந்தச் சமயம் பேப்பரில் தினமும் சோமாலியாக் கடற்கொள்ளையர் செய்தி வந்துகொண்டிருந்தது. உங்கள் தீவுப் பக்கமெல்லாம் கப்பலைப் பிடிக்கிறார்கள் என்று போட்டிருந்ததை நான்தான் சத்தமாக வாசித்தேன். அது என் தப்பு. நான் கீழவீதியில் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு ஏட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் இவள் கதவைப் பாதி சாத்தியிருக்கிறாள். அவர் நோட்டைத் திறந்து, "வெளிநாட்டுல ஒங்க சொந்தக்காரங்க யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். "கதிர்வேலு, என் தம்பி" என்றிருக்கிறாள். அவர் அதை நோட்டில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். "அய்யோ, எந்தம்பியப் புடிச்சிட்டாங்களா, கப்பல்ல கட்டிப்போட்டுட்டாங்களா" என்று தெருவே திரும்பும்படி கத்திவிட்டாள். நான் பையோடு வந்தபோது எதிர்வீட்டு ராசம்மாள் இவள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள், ஏட்டு சொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி, மாஹேவுக்குப் போகத்தான் பாஸ்போர்ட் என்றேன். அவர் மேலும் குழம்பி, "மாஹேவா? பாண்டிச்சேரியிலேருந்து பஸ்ஸே போவுதே சார், அதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?" என்றார். கேரளத்துப் பக்கம் இருப்பது ஒரு மாஹே, இந்து மகாசமுத்திரத்தில் இருப்பது வேறு மாஹே, இரண்டுக்கும் பெயர் வைத்தவன் பிரெஞ்சுக்காரன் என்று விளக்கி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் அவனுக்காக அழுவல, போலீசப் பாத்த பயத்துல அழுதேன்" என்றாள். நான் காய்கறிப் பையைப் பிரித்தேன். முருங்கைக்காய் மட்டும் வாடிவிட்டது.

அப்புறம் உன் மனைவி அவர்கள் தன் கையால் எழுதி அனுப்பிய போஸ்ட்கார்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எழுத்து. எங்களுக்கு இரண்டில் கடல் மட்டும்தான் புரிந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கணவர் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். அங்கே பேசும் கிரியோல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்று நீ சொல்லியிருந்தாய்; அந்தம்மா பிரெஞ்சு படிப்பார் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டைப் பார்த்துவிட்டு, "யாருங்க இது எழுதுனது? பிரெஞ்சு பாஷைய இப்பிடி அடிச்சிப் போட்டிருக்காங்க?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்கக் கோபம் போய்விட்டது. "கண்ணால பாத்தா புரியல, காதால கேட்டா புரியுது. பேசுற மாதிரியே எழுதியிருக்காங்க, பாவம்" என்று சொல்லி அர்த்தம் சொன்னார். வந்தால் மீன் பொரித்துத் தருவேன், சீமைப்பலா அவித்துத் தருவேன், உங்கள் தம்பி உங்களைப் பற்றித்தான் பேசுவார் என்றெல்லாம் இருந்தது. முதல் வரியில் இருந்த பெல்சேர் என்ற சொல் என்ன என்று உன் அக்கா கேட்டாள். "அது ஒன்னத்தாம்மா. நாத்தனார அவுங்க அப்பிடித்தான் கூப்புடுவாங்க. பெல்னா அழகு, சேர்னா அக்கா தங்கச்சி" என்றார் ஆரோக்கியம்மாள்.

மச்சான், உன் அக்காவை இந்த ஜில்லாவில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. பரங்கிப்பேட்டை வரைக்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று, "அந்தப் பொண்ணு பேரு என்னா சொன்னீங்க?" என்றாள். மரி-தெரேஸ் என்றேன். "மாரின்னு சொல்லுங்க. வாயில நொழயுற மாதிரி சொல்லுங்க" என்றாள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் உன் மனைவி பெயர் மாரி. அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதற்கடுத்த வாரமெல்லாம் வடகம், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று மாடி முழுக்கக் காய்ந்தது. ஒரு காக்காய் இறங்க இடமில்லை. அங்கே வவ்வால் குழம்பு வைப்பார்கள் என்று நீ சொன்னதை இந்தச் சமயத்தில் சொன்னால் அவளே பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று சொல்லிப் பார்த்தேன். "நாம நண்டு திங்கல? அவுங்க வவ்வா திங்கறாங்க. ஒங்களுக்குப் புடிக்கலன்னா ரசம் வச்சித் தரேன்" என்று சொல்லிவிட்டு வடகத்தைத் திருப்பிப் போட்டாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தீவுக்குத் தீவு படகில்தான் போக வேண்டும் என்றாய். கடல் ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே பரீட்சை செய்வது நல்லது என்று, போன வெள்ளிக்கிழமை பிச்சாவரம் போய்த் துடுப்புப் படகு எடுத்தோம். கால்வாய் குறுகலாகி, இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் கைக்கு எட்டும் இடத்தில் படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஓட்டுகிறவர் துடுப்பை மாற்றிப் போட்டதால் சாய்ந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? எட்டி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டேன். வேரை நான் விடவில்லை. படகு என்னை விட்டுவிட்டது. அது பாட்டுக்கு முன்னால் போய்விட்டது, நான் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறேன். செருப்பு ஒன்று மிதந்து போகிறது. என் வாழ்நாளில் வண்டியைத் தவறவிட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இப்படி யாரும் தவறவிட்டதில்லை. பின்னால் வந்த படகில் காலேஜ் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தார்கள். எங்கள் படகுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "சார், காலு ஊனுங்க சார், இடுப்பளவு தண்ணிதான்" என்றார். நான் ஊன்றவில்லை. யாருடைய இடுப்பு என்று அவர் சொல்லவில்லையே. கடைசியில் உன் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு படகிலிருந்து இறங்கி, தண்ணீரில் நடந்து வந்து, "விடுங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றாள். விட்டேன். தண்ணீர் இடுப்பளவுதான்.

கரைக்கு வந்து துணி காய்கிற வரை யோசித்தேன். உன் அக்காவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மழைக்காலத்துக்குள் மாடியில் ஓடு மாற்ற வேண்டும். இவை அனைத்தையும் உத்தேசித்து, அவளுடைய நலனை மட்டுமே கருதி, இந்த வருஷம் பயணத்தைக் கைவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ டிக்கெட் போட வேண்டாம். தீவுகள் எங்கும் போய்விடாது. அவளாகக் கேட்டால், அங்கே விடுமுறைக் கூட்டத்தில் இடமில்லை என்று நீ சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். இதில் உன் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன்.

திருமதி மாரி-தெரேஸ் அவர்களுக்கு என் வணக்கம். தங்களுக்குச் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். கடை பெருகட்டும். கொள்ளைக்காரர் கண்ணில் படாதிருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
சி. சிங்காரம்
(ஓய்வு), சிதம்பரம்.

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒட்டுவதற்குப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் நீ போன் செய்தாய். நீ பேசியது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. நான் பசையோடு வருவதற்குள் மணி நின்றுவிட்டது. பார்த்தால் உன் அக்கா இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. "ஏன்டா, கல்யாணத்துக்குக் கூப்புடத் தோணல, ஊரு சுத்திப் பாக்க மட்டும் கூப்புடறியா?" என்றாள். அதற்கப்புறம் நீ அந்தப் பக்கம் என்ன செய்தாயோ, இவள் இந்தப் பக்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ரெண்டு டிக்கெட்டும் போடு. அவரு வருவாரு. நான் கைய புடிச்சி இட்டுக்கினு வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. தபாலில் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அந்த இரத்த அழுத்தம் என்ற இடத்தில் மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்டாம்பு எதுக்கு வீணா? நீங்களே நேர்ல குடுங்க" என்று மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டாள். ஆகவே மச்சான், இதை நீ படிக்கும்போது உன் வீட்டுக் கூடத்தில் உனக்கு எதிரே நான்தான் உட்கார்ந்திருப்பேன். உன் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.