அக்கா ஊரிலிருந்து ஒருவர்

அவளுடைய வலைப்பதிவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை நேற்றும் ஒன்றுதான். முந்தாநாளும் ஒன்று. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி அவள் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அக்கா இருக்கும் ஊரிலிருந்து வருவதாக வலைப்பதிவே காட்டியது.

அக்கா பேசி எட்டு மாதமாகிறது. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை இவள் எழுதப்போக, சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. இவள் கிறுக்கியதையெல்லாம் சின்ன வயதிலிருந்து முதலில் வாசித்தவள் அக்காதான்.

“அக்கா ரகசியமா வாசிக்கிறா டாக்டர். ஆனா ஒரு வார்த்தை பதில் போடமாட்டேங்கிறா.”

“மாசத்துக்கு ஒண்ணு எழுதினா யாருக்குப் பேசத் தோணும்?” டாக்டர் கையுறையைக் கழற்றினார். “பல் தேய்க்கிற மாதிரி தினமும் எழுதணும்மா.”

மதியம் டிபன் டப்பாவை மூடிய கையோடு தினமும் எழுத ஆரம்பித்தாள். கிறீச்சிடும் நாற்காலியைப் பற்றி, ஊசியைக் கண்டதும் ஓட்டமெடுத்த போலீஸ்காரரைப் பற்றி. எண் ஒன்றாகவே இருந்தது. பதில்தான் இல்லை.

வாசிப்பது அக்காதானா என்று தெரிந்துகொள்ள, பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடும்படி மாற்றினாள். மூன்று நாள் பூஜ்யம். பதறிப்போய்ப் பழையபடி திறந்துவிட்டாள். ஒன்று திரும்பி வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அக்காவைப் புகழ்ந்து பார்த்தாள். ‘அக்கா காரில் ஏறினால் தெருவே ஒதுங்கி வழிவிடும்.’

அன்றைக்கு மட்டும் எண் இரண்டானது; சாயங்காலமே சித்தி போன் செய்தாள். “ஏன்டி, பட்டது போதாதா? மறுபடியும் கிண்டலா?”

“ஐயோ சித்தி, அது பாராட்டு!”

“பாராட்டா?” சித்தி சிரிக்க ஆரம்பித்தவள் போனை வைக்கும்வரை நிறுத்தவில்லை.

இனிச் சுற்றி வளைப்பதில்லை என்று மறுநாள் ஒரே மூச்சில் எழுதினாள். ‘நான் செய்தது பெரிய தப்பு. அந்த வலி உனக்கு இன்னும் இருக்கும். ஒரே ஒருமுறை வந்து உட்கார். எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.’

அவசரத்தில் அதை ஏற்றியது மருத்துவமனையின் இணையப் பக்கத்தில். அதையும் கவனிப்பவள் அவள்தான்.

அரைமணி நேரத்தில் போன் அலறியது. “என் கடவாய்ப்பல்ல தப்பா பிடுங்கிட்டீங்களா?” இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள்.

அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிய டாக்டர் திரும்பிப் பார்த்தார். “தினமும் எழுதச் சொன்னேன். வாஸ்தவம்தான். இனிமே டோக்கன் நம்பர மட்டும் எழுதும்மா.”

அவளுக்கும் வெறுத்துவிட்டது. வருகிற மனசு இருந்தால் அக்கா எப்போதோ வந்திருப்பாள். மறுநாள் மதியம் எதுவும் எழுதவில்லை. டப்பாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அக்காவின் கணவர் கூப்பிட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

“ஏம்மா, நேத்தும் இன்னைக்கும் ஒண்ணும் போடல?”

“மாமா… தினமும் வாசிக்கிறது நீங்களா?”

“நானேதான்.”

இத்தனை நாளும் அக்கா என்று நினைத்து ஏங்கியது இவரைப் பார்த்தா?

“அக்கா ஒரு தடவகூட பார்க்கலையா மாமா?”

மாமா குரலைத் தாழ்த்தினார். “நீ எழுதினத கண்ணால பார்க்கமாட்டேன்னு சபதம் போட்டிருக்காம்மா. அதனால தினமும் என்னைச் சத்தமா வாசிக்கச் சொல்லி, பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறா.”