பரமலிங்கம் அம்மான் நாடி பிடித்த கார்

கார் வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், திருத்துபவர்கள் என்று உலகில் பலர் உண்டு. இவற்றில் எதுவுமே இல்லாமல், காருக்கு என்ன நோய் என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஓர் இனமும் உண்டு. ஒட்டுசுட்டானில் அவர் பெயர் பரமலிங்கம்.

அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள். அதன் செயின் கழன்றால் ஆள் கூப்பிடுவார். ஆனால் தெருவில் ஒரு கார் நின்றுவிட்டால், சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடிவந்து, பொனற் மூடியில் காது வைத்து, கண்ணை மூடி, "ம்" என்பார். தொட்டுப் பார்ப்பாரா? கையில் எண்ணெய் படுமே!

இளைய மருமகனின் கலியாணம் முள்ளியவளையில். முகூர்த்தம் பத்தரைக்கு. மூத்த மருமகன் தவராசாவின் பழைய ஒஸ்ரின் காரில் பின்னால் மாப்பிள்ளை. பக்கத்தில் அக்கா இராசமலர், மடியில் கூறைச் சேலைத் தட்டம். முன் ஆசனம் தாய்மாமன் பரமலிங்கத்துக்கு, கேட்க வேண்டுமா?

நாலு மைல் போவதற்குள் கார் முனகியது, இழுபட்டது, தீய்ந்த மணம் வந்தது. பெற்றோலில் தண்ணீர் என்றார் அம்மான். தவராசா பெற்றோல் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினான். பிளக்கில் கரி என்றார். கழற்றித் தேய்த்துப் பூட்டினான். பாரம் அதிகம் என்றார். தலைப்பாகையோடு மாப்பிள்ளை தெருவில் நடந்தான். மணி ஒன்பதே முக்கால்.

"அம்மான், பின் சில்லடியிலை எல்லோ மணக்குது," என்றாள் இராசமலர்.

"அது ஆரோ சேனைப் பயிருக்குக் காடு எரிக்கினம், பிள்ளை."

பத்து நாளாக மழை. நனைந்த காட்டை எரிக்கிறவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நல்ல காலம், மெக்கானிக் மஸாஹிர் சைக்கிளில் எதிரே வந்தார். போத்தல் தண்ணீரைச் சில்லுகளில் தெளித்தார். முன் சில்லு சும்மா இருந்தது; பின் சில்லு சுர்ரென்றது. ஜக் வைத்து உயர்த்தினால், கையால் சுற்ற முடியவில்லை. அடியில் புகுந்து பார்த்தார். ஹான்ட் பிறேக் கம்பி துருவேறி உறைக்குள் இறுகிவிட்டது. உள்ளே பிடியை விட்டாலும் கம்பி பிறேக்கை விடவில்லை. எண்ணெய் விட்டு, கம்பியை முன்னும் பின்னும் அசைத்து, சில்லின் ட்ரம்மை மெல்லத் தட்ட, சில்லு சுழன்றது.

"வெள்ளத்துக்குள்ளாலை வந்த காரை ஹான்ட் பிறேக் இழுத்துக் கனநாள் விட்டனீங்களோ? ஆர் சொன்னது?"

பத்து நாளுக்கு முன் இரண்டு கைகளாலும் அதை இழுத்துவிட்டு, மாடு முட்டினாலும் கார் முற்றத்துக் கிணற்றுக்குள் போகாது, கலியாணத்தன்று வரை எவரும் தொடக்கூடாது என்று கட்டளையிட்டவர் அம்மானே. தவராசா தெருவைப் பார்த்தான். இராசமலர் வாயைத் திறந்தாள்; அம்மானின் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டாள். அவருக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன. எவ்வளவு நேரம்? இரண்டு தரம் கண் சிமிட்டும் நேரம்.

"நான் வெளிக்கிடேக்கையே சொன்னனான் தம்பி, இது பிறேக் எண்டு."

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கூறை பந்தலுக்குள் போனது. தாலி கட்டி முடிவதற்குள், காருக்கு அடியில் புகுந்தவரும் அம்மானே என்று பெண் வீட்டார் அவர் வாயாலேயே அறிந்துகொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். 'மணம் வந்த உடனேயே பின் சில்லைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் அப்போதே நினைத்தீர்கள் அல்லவா? இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்தீர்கள். உங்கள் கையிலும் எண்ணெய் படவில்லை.

அம்மான், கொஞ்சம் தள்ளி இருங்கோ. முன் ஆசனத்துக்கு இன்னும் ஓர் ஆள் வருகிறார்.