சம்பந்திகளின் குப்பைக் கொட்டகைப் பெரும்போர்

வாழ்க தெரசம்மாள்! சேர்வராயன் மலைமுகட்டு முகில்கள் வெண்குடை பிடிக்க, காப்பித் தோட்டத்து மிளகுக்கொடிகள் கவரி வீச, ஏற்காட்டுக் கடைவீதியில் ஒற்றைத் தையல் இயந்திரத்தையே அரியணையாகக் கொண்டு வீற்றிருந்தவர், பள்ளிச் சீருடைகளின் கிழிசலையும் வார்டு மக்களின் குறைகளையும் ஒரே ஊசியால் தைத்துத் தந்த வார்டு உறுப்பினர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை நோக்கியே வறண்ட தெருக்குழாயில் தண்ணீர் வரவழைக்கும் ஊசிமுனைப் பார்வையினர், வாழ்க அவர்! அவர் வாளேந்தியவர் அல்லர். கழுத்தில் கிடந்த அளவுநாடாவே அவருக்கு ஆரமும் படைக்கலமும் ஆயிற்று. அவர் பொருதது மண்ணுக்கும் பொன்னுக்கும் அன்று. குப்பை பிரிக்கும் தகரக் கொட்டகை ஒன்றைப் பக்கத்துப் புறம்போக்கு நிலத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டுவதற்கு அனுமதி பெறவே அவர் பொருதார். அக்கதையைச் சொல்லப் புகுகிறோம். புனிதர்களும் மலைத்தெய்வங்களும் அருகிருந்து காக்க; பஸ் ஹாரன்கள் சற்றே அடங்குக.

தலைச்சோலை செல்லும் சாலையின் வளைவுக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், துருவேறிய கவசம் தரித்த முதுவீரனைப் போலக் கிடந்தது அக்கொட்டகை. ஊரார் குப்பைக்கு மட்டும் என்றால் அது தாங்கியிருக்கும். ஆனால் சனி ஞாயிறுதோறும் சமவெளியின் வெக்கை பொறாது, கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக வென்று, கார் கார் கார் என அணிவகுத்தேறும் சுற்றுலாப் பெருங்கடல், ஏரியில் படகோட்டி, பஜ்ஜி தின்று, படம் பிடித்து, பொழுது சாய்கையில் வடிந்து செல்லும்போது பின்னே விட்டுப்போகும் தானையை என்னென்று சொல்வது! தண்ணீர் பாட்டில்களின் காலாட்படை. பிரியாணி டப்பாக்களின் தேர்ப்படை. காற்றிலேறிப் பாயும் சிப்ஸ் கவர்களின் குதிரைப்படை. மடித்து ஒட்டப்பட்டும் மணம் மறையாத டயப்பர்களின் யானைப்படை. நால்வகைப் படையும் வந்திறங்க, கொட்டகை நிரம்பிற்று, வாசல் அடைபட்டது, மூட்டைகள் வெட்டவெளியில் குன்றெனக் குவிந்தன. குப்பை பிரிக்கும் பெண்கள் சங்கீதாவும் ரம்யாவும் உள்ளே கால் வைக்க இடமில்லாமல், கம்புகளில் கட்டிய தார்ப்பாயின் கீழே குந்தி, சாரலில் நனைந்தபடி வேலை பார்த்தனர். வெளியே கிடந்த பலாச்சக்கையின் மணம் குரங்குகளை அழைத்தது. குரங்குகளுக்குப் பின்னால் காட்டெருமையும் வரத் தொடங்கியது.

சங்கீதாவை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர் தெரசம்மாள்தான். ஆகவே கிராம சபையில் அவர் எழுந்தார். இடி முழங்கிற்று எனச் சிலர் கூறுவர். மைக் கரகரத்தது எனச் சிலர் கூறுவர். கொட்டகையை நீட்டும் தீர்மானம் நிறைவேறியது. ஆயினும் மலைப்பகுதியில் எதைக் கட்டுவதானாலும் சேலத்திலிருந்து அதிகாரி ஏறிவந்து இடம் பார்த்து இசைவு தரவேண்டும். அதற்குமுன் ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

ஒரே ஓர் ஆட்சேபம் வந்தது. அனுப்பியவர் தேவசிகாமணி.

அம்மாற்றாரின் பெருமையையும் மறையாது சொல்வோம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராய் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்தச் சரிவில் நின்றபடியே எதிர்ச்சரிவில் காப்பி பறிப்பவரைப் பெயர் சொல்லி அழைத்துத் திரும்பிப் பார்க்க வைத்த வெண்சங்குக் குரலினர். ஓய்வூதியப் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்து, மாடிக்குப் பால்கனி வைத்து, பால்கனிக்கு நான்கு பிரம்பு நாற்காலி போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பால்கனியிலிருந்து நோக்கினால் பள்ளத்தாக்கு தெரியும். பள்ளத்தாக்குக்கு முன்னால் கொட்டகையும் தெரியும். இவை யாவற்றினும் கொடிது ஒன்று உண்டு. தெரசம்மாளின் ஒரே மகள் ஸ்டெஃபியை மணந்தவன் தேவசிகாமணியின் மகன் கிங்ஸ்டன். மாற்றார் கோட்டையில் மருமகளாய் இருந்தது நம் தலைவியின் குலக்கொழுந்து.

அன்றே தூது தொடங்கிற்று. கைப்பேசி வழியே ஸ்டெஃபி உரைத்தாள்:

"அம்மா, மாமாவுக்கு உங்க மேல கோவமே இல்லீங்களாமா. கொட்டகை மேலதான் கோவமாமா."

"கொட்டகை என்ன எம்பட பேர்லயா கண்ணு இருக்குது? நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதான?"

"நானு அந்த ஊட்டுல பொறந்தேன், இந்த ஊட்டுல சோறு திங்கறேன். என்னைய உட்ருங்க ரெண்டு பேரும்."

கிங்ஸ்டனோ நடுநிலை நாடென அறிவித்துக்கொண்டான். பேச்சு எழும்போதெல்லாம் அவனுடைய பைக்குக்குப் பெட்ரோல் போட வேண்டியிருந்தது.

ஞாயிறு திருப்பலியில் இரு பெருவேந்தரும் அடுத்தடுத்த வரிசையில் நின்றனர். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளுங்கள் எனப் பாதிரியார் பணித்தார். உறைக்குள் இருக்கும் வாளென விறைத்த கைகள் நான்கும் குவிந்தன.

"சமாதானமுங்க, சம்பந்தி."

"சமாதானமுங்க, சம்பந்தியம்மா."

கோயில் வாசற்படி இறங்கியதும் சமாதானம் முடிவுற்றது.

"ஏனுங்க சம்பந்தியம்மா, வந்த கெஸ்ட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போறாங்க. உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

"மூட்டை வெளிய கெடக்கறதாலதானுங்க நாறுது. உள்ள போயிட்டா ஏனுங்க நாறுது?"

"பெருசாக் கட்டினா இன்னும் கொண்டாந்து கொட்டுவாங்க. எடம் இருந்தா கை சும்மா இருக்குமுங்களா?"

இவ்வினாக்கணை தெரசம்மாளின் நெஞ்சில் சற்றே தைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. விடை தேடி அவர் அன்றிரவு புரண்டார், விடை கிடைக்கவில்லை, மாறாக ஒரு பேருரை கிடைத்தது. தூய்மையின் மேன்மையில் தொடங்கி, வருங்காலத் தலைமுறையில் வளர்ந்து, ஆறறிவின் பயன் யாது என்ற வினாவில் முடியும் அவ்வுரையை அவர் தையற்கடைக் கண்ணாடியின் முன் பலமுறை நிகழ்த்தினார். அளவு கொடுக்க வந்த பெண்கள் கைகளை விரித்தபடி கேட்டு நின்றனர்.

இடம் பார்க்கும் நாளும் வந்தது. அதிகாரி யுவராஜ் ஜீப்பிலிருந்து இறங்கினார். இளைஞர்; கொண்டை ஊசி வளைவுகள் அவர் குடலை அதற்குள் வென்றுவிட்டிருந்தன. முகம் வெளுத்து, கைக்குட்டையால் வாய் பொத்தி, கொட்டகையை ஒருமுறை சுற்றி வந்தார். ரம்யா குப்பை வண்டியோடு கடைவீதிக்குப் போயிருந்தாள். சங்கீதா தனியே தார்ப்பாயின் கீழிருந்தாள். தெரசம்மாள் அளவுநாடாவைக் கழற்றி, தொண்டையைச் செருமி, "ஐயா, தூய்மை என்பது..." என்று தொடங்கிய கணத்தில், மேலிருந்து வெண்சங்கு முழங்கிற்று.

"சார்! அங்க நின்னாத் தெரியாதுங்க! இங்க பால்கனிக்கு வந்து பாருங்க, அப்பத் தெரியும் எங்க கஷ்டம்!"

யுவராஜ் ஏறினார். மாற்றார் கோட்டைக்குள் தம் பாதம் படுவதா எனத் தெரசம்மாள் ஒருகணம் தயங்கினார். மகள் வீடுதானே என்று தேறி, அவரும் ஏறினார். ஸ்டெஃபி எல்லோருக்கும் காப்பி கொணர்ந்தாள். அதிகாரி எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டு, அதை முகர்ந்தபடி நின்றார்.

அவ்வேளையில், பாற்கடல் பொங்கிப் பள்ளத்தாக்கின் விளிம்பேறி வந்தாற்போல, மூடுபனி எழுந்தது. மலை மறைந்தது, மரம் மறைந்தது, கொட்டகை மறைந்தது. தேவசிகாமணி மட்டும் அஞ்சினாரில்லை. வெண்மையை நோக்கிக் கைநீட்டி விளக்கலானார்:

"இந்தப் பக்கம் பாத்தீங்கன்னா பள்ளத்தாக்குங்க. அந்தப் பக்கம் பொழுது உழுந்தா சேலம் லைட்டெல்லாம் நொம்ப அழகாத் தெரியுமுங்க. நடுவால கொட்டகை நீண்டுக்கிட்டு நின்னா எல்லாம் போச்சுங்க."

"எனக்கு இந்தக் கைப்பிடிக் கம்பியே தெரியலீங்க" என்றார் யுவராஜ்.

இதுவே தருணமெனத் தெரசம்மாள் மீண்டும் தொண்டையைச் செருமினார். காற்று அடித்தது. பனித்திரை நடுவே கிழிந்தது.

கீழே சங்கீதா, முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். அவளுக்குப் பின்னே, மூட்டைக் குன்றின் மறுபுறத்திலிருந்து, வெண்ணிறக் காலுறை அணிந்தாற்போன்ற கால்களை மெல்ல எடுத்துவைத்து, கொம்பொன்றில் பிளாஸ்டிக் பையொன்று கொடியெனப் படபடக்க, கருமலை ஒன்று பெயர்ந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது காட்டெருமை.

தெரசம்மாள் வாய் திறந்தார். பலநாள் பயின்ற அவ்வாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது. இவளை இந்த வேலைக்கு நான்தானே சேர்த்துவிட்டேன் என்ற ஒற்றை எண்ணம் அவர் நாவைக் கட்டியது. முழங்கியது தேவசிகாமணியின் குரல்தான். எஸ்டேட்டை விட்டபின் ஒருநாளும் முழுதாய் வெளிப்படாத அக்குரல் அன்று முழுதாய் வெளிப்பட்டது. எதிர்ச்சரிவில் நாய்கள் குரைத்தன.

"சங்கீதா! பின்னால காட்டுமாடு! ஓடாத கண்ணு! உள்ள போயிரு! கொட்டகைக்கு உள்ள போ!"

சங்கீதா திரும்பினாள். கண்டாள். எழுந்தாள். மூட்டைகள் அடைத்துக் கிடந்த வாசலைப் பார்த்தாள். பிறகு பால்கனியை அண்ணாந்து பார்த்துக் கூவினாள்:

"உள்ள எங்கீங்க எடம்?"

விடைக்காக அவள் காத்திருக்கவில்லை. வழுக்கும் மூட்டைகளைக் கைகளாலும் முழங்கால்களாலும் பற்றி, பிரியாணி டப்பாக்கள் நொறுங்க, பாட்டில்கள் உருள, அக்குன்றின்மேல் ஏறினாள். உச்சியில் அவள் உட்கார்ந்ததும் பனித்திரை மீண்டும் மூடிக்கொண்டது.

பால்கனியில் நின்ற நால்வரும் கைப்பிடிக் கம்பியைப் பற்றினர். ஒன்றும் தெரியவில்லை. எதையோ கிழிக்கும் ஓசையும், பெரிய வாய் ஒன்று அசைபோடும் ஓசையும் மட்டுமே கேட்டன.

"சங்கீதா!" என்றார் தேவசிகாமணி.

"இருக்கறனுங்க!" என்றது பனி.

சற்றுப் பொறுத்து மீண்டும் அழைத்தார். மீண்டும் விடை வந்தது. கைப்பிடியை அவர் இறுகப் பற்றியிருப்பதையும், புறங்கையில் நரம்புகள் எழுந்திருப்பதையும் தெரசம்மாள் கண்டார். எத்தனை முறை அழைத்தார் என்று எவரும் எண்ணவில்லை. ஸ்டெஃபி அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள். அதிகாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கியே விட்டார்.

கடைசியில் பனி தானாகவே பேசியது.

"போயிருச்சுங்க! பலாச்சக்கையைத் தின்னுட்டுப் போயிருச்சு! எறங்கத்தான் பயமா இருக்குது, யாராச்சும் வாங்க!"

அப்போது வீட்டின் பின்கட்டிலிருந்து ஏணியைத் தோளில் சுமந்து, செருப்பும் இல்லாமல், கீழ்நோக்கிப் பாய்ந்தது நடுநிலை நாடு. அவ்வளவு வேகமாகக் கிங்ஸ்டன் ஓடுவதை அவன் மனைவி அதுவரை கண்டதில்லை.

தேவசிகாமணி கைப்பிடியை விடவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்காரவும் இல்லை. பிறகு தாழ்ந்த குரலில், எஸ்டேட்டுக் குரலில் அல்லாமல், வீட்டுக் குரலில் பேசினார்.

"உள்ள போன்னு சொல்லிட்டேன் பாருங்க. எடம் இருக்குதான்னு பாக்காம."

"பயத்துல சொல்றதுதானுங்க சம்பந்தி" என்றார் தெரசம்மாள்.

"நெதமும் இங்கதானுங்க நிக்கறேன். கொட்டகைதான் தெரிஞ்சுது. புள்ள வெளிய உக்காந்திருக்கறது கண்ணுல படலீங்க." அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்குங்க. ஒண்ணே ஒண்ணு. நீலத் தகரம் வேண்டாமுங்க, பச்சை போடச் சொல்லுங்க. மரத்தோட மரமா இருக்கட்டும்."

"பச்சையே போட்டுக்கலாமுங்க" என்றார் தெரசம்மாள். தூய்மையின் மேன்மை குறித்த பேருரை அவர் நெஞ்சிலேயே தங்கிற்று. இன்றளவும் எந்த அதிகாரியும் அதைக் கேட்டாரில்லை. இடம் இருந்தால் கை சும்மா இருக்குமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தபாடில்லை. ஸ்டெஃபி ஆறிப்போன காப்பியை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொணர்ந்தாள். இரு பெருவேந்தரும் அதை வாங்கிக் குடித்தனர்.

இவ்வாறாக, வேல் விடாது வென்று, மாற்றாரைச் சாய்க்காது சாய்த்து, சேலத்து அலுவலகத்தின் மேசைகள்தோறும் ஏறி இறங்கிய இசைவாணையைப் பெற்று, கொல்லரும் கொத்தரும் கூடி உழைக்க, காலைக் கதிர் பட்டால் மரகதமென ஒளிரும் பச்சைத் தகரக் கூரையை, சேர்வராயன் மலைச்சரிவின் மணிமுடியெனச் சூட்டி, திசையெட்டும் புகழ் பரப்பிய தெரசம்மாளின் வெற்றியை யாம் எவ்வாறு உரைத்து முடிப்போம்!

போன வாரம் நல்ல மழை பெய்தது, சங்கீதா உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தாள்.