நீதிபதி தைத்த கழுதை

“ஆட்டுக்கு எந்த நூலால தைக்கணும்?” என்று தொலைபேசியில் கேட்டார் ஓய்வுபெற்ற நீதிபதி. “கழுதைக்கு எதால தைச்சேன்னு ஞாபகமே வரமாட்டேங்குது.”

விலங்குகள் காப்பகத்தில் நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுபவளுக்கு, தான் அவருக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. “நாம கிழிச்சதை எல்லாம் அளக்காதே. கொடுக்கிறவங்களே எல்லாத்தையும் செஞ்ச மாதிரி எழுது” என்பது மேலாளரின் கட்டளை. அவளும் மனமுருக எழுதியிருந்தாள்: ‘கிணற்றில் விழுந்த கழுதையைத் தூக்கியது நீங்கள். அதன் காலைத் தைத்ததும் நீங்கள்.’

நீதிபதி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். இப்போது அடிபட்ட ஆட்டோடு பாதித் தெரு அவர் வாசலில் நிற்கிறது.

“ஐயா, ஆட்டை இங்க அனுப்பிடுங்க. எங்க டாக்டர் பாத்துக்குவார்.”

“ஏன், என் கை மேல நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, அப்படி இல்லீங்க. இத்தனை வருஷமா கொடுக்கிறீங்க…”

“கொடுத்த கணக்கெல்லாம் நான் வெச்சுக்கறதில்லம்மா” என்றார் பெருந்தன்மையாக.

அவர் பெயரில் மாதம் தவறாமல் வரும் பணத்தில்தான் காப்பகத்தின் பாதித் தீவனம் ஓடியது. அது நின்றால் அடுத்து நிற்பது தன் சம்பளம் என்று அவளுக்குத் தெரியும். அவசர அவசரமாக இரண்டாவது கடிதம் போட்டாள்: ‘தைத்தது எங்கள் டாக்டர். பக்கத்தில் துணை நின்றது நீங்கள்.’

பதில் உடனே வந்தது. ‘முதல் கடிதம் ஆவணம். இரண்டாவது, பிறழ்சாட்சி.’

நகலைப் படித்த டாக்டரும் ஊசியோடு வந்து நின்றார். “துணை நின்னாரா? அந்த மனுஷன் முகத்தையே நான் பாத்ததில்லையே!”

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “நேர்ல போ. கால்ல விழுந்தாவது சரிபண்ணிட்டு வா.”

அவள் வெறுங்கையோடு போகவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து, தங்க ஓரம் வைத்த சான்றிதழ் ஒன்றை அச்சடித்து எடுத்துப் போனாள். ‘கௌரவ கால்நடை மருத்துவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

“கௌரவமா? அப்போ நிஜமா தைக்கலைங்கறியா?”

“ஐயா, அது வந்து…”

“போதும்! இனிமே என் பணம் ஒரு காசு உங்களுக்கு வராது.”

கதவு படாரென்று மூடியது. சான்றிதழ் வாசலில் கிடந்தது. அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயிற்று என்பதோடு, அந்தக் கழுதையை நினைத்தும் பாவமாக இருந்தது.

கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்த நீதிபதியின் மனைவி அவள் கையைப் பிடித்து மெல்லச் சொன்னாள்:

“அழாதே கண்ணு, அவர் எப்ப கொடுத்தாரு, இப்ப நிறுத்தறதுக்கு? மாசாமாசம் அவர் சட்டைப் பையிலேருந்து எடுத்து அனுப்பறது நான்தான். நீதிபதி வீட்ல திருட்டுன்னு ஆயிடக்கூடாதேன்னு ரசீதை மட்டும் அவர் பேர்ல போடச் சொன்னேன்.”