செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்குவாரா?

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் உறுதியாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். விமான டிக்கெட்டை முழு விலை கொடுத்து வாங்கவே கூடாது. மற்ற எல்லாவற்றிலும் வளைந்து கொடுப்பார். என்ன சட்டை போடுவது என்பதுகூட நான் எடுத்து வைத்தால்தான் அவருக்குத் தெரியும். டிக்கெட் என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். கண் சிவந்துவிடும். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம்.

அன்புச்செல்வன் என்று பெயர். சிங்கப்பூரில் ஷிப்யார்டு சூப்பர்வைசர். அவருடைய போன் பூராவும் டிக்கெட் தேடுகிற ஆப்தான். விலை இறங்கினால் 'டிங்' என்று சத்தம் வரும். எங்கள் மகள் முதல் முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. 'டிங்'.

எந்த ஊரில் இருந்து தேடுகிறோம் என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று போனில் நாட்டை மாற்றி மாற்றி வைப்பார். ஒரு வாரம் நாங்கள் வியட்நாம்காரர்கள், அடுத்த வாரம் போலந்துக்காரர்கள். திருவெள்ளறை பஞ்சாயத்துப் பள்ளியில் படித்தவள் நான். போலந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் அந்த ஊர்க்காரியாக இருந்திருக்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமை இறங்கும், பாரு."

இந்த நேரத்தில்தான் என் மாமனாருக்கு நுரையீரல் கெட்டுப் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் இருந்து என் நாத்தனார் போனில் அழுதாள். இவர் எனக்கும் குழந்தைக்கும் மட்டும் டிக்கெட் போட்டார். நேராக வந்தால் நாலு மணி நேரத்தில் திருச்சி. இவர் போட்ட டிக்கெட்டில் கோலாலம்பூரில் ஒரு ராத்திரி, கொழும்பில் ஒரு பகல். என் மகள் நடக்கப் பழகியது கொழும்பு ஏர்போர்ட்டில்தான். அவ்வளவு நேரம் இருந்தோம் அங்கே.

"நீங்க எப்ப வரீங்க?"

"நீ முன்னாடி போ. நான் செவ்வாய்க்கிழமை பார்த்துட்டுப் பின்னாடியே வரேன்."

செவ்வாய்க்கிழமைகள் வந்தன, போயின. அவர் மட்டும் வரவில்லை.

மாமா பெயர் நல்லதம்பி. பால்பண்ணை வெங்காய மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்தவர். அவர் ஏலம் கூவினால் ரோட்டில் போகிற லாரிக்காரன் பிரேக் போடுவான் என்பார்கள். அந்த மனுஷர் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிடந்தார். மூச்சு, ஓட்டை சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி போயிற்று. கண் மட்டும் கதவையே பார்க்கும். கதவு திறந்தால் தலை கொஞ்சம் தூக்கும். நர்ஸ் என்று தெரிந்தால் மறுபடி விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் அமலராணி என்னை வெளியே கூப்பிட்டார். "பார்க்க வேண்டியவங்க எல்லாம் வந்து பார்த்துடட்டும்மா" என்றார். அதற்கு அர்த்தம் தெரியப் பெரிய படிப்பு வேண்டாம்.

உள்ளே வந்து, மகன் குரலையாவது மாமா கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை ஓரம் வைத்தேன். அது நான் செய்த தப்பு.

"என்னங்க, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உடனே கிளம்பி வாங்க."

"வரேன், வரேன். இன்னிக்கு வெள்ளிதானே? சனி ஞாயிறு அநியாய விலை விக்கிறான். செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்குவாரான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

"என்னது?"

"தப்பா எடுத்துக்காத. ஒரு பேச்சுக்குக் கேளு."

"எமன் எந்த பிளைட்ல வரான்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாதுங்க."

"கிண்டல் பண்ணாத யமுனா. நான் ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கல. ஒரு கம்பெனிக்குப் போன் பண்ணி விசாரிச்சேன். நெருங்கின சொந்தம் தவறிட்டா டிக்கெட்ல சலுகை உண்டாம்."

"உங்கப்பா இன்னும் இருக்காருங்க!"

"அதைத்தான் அவனும் சொல்றான். சர்டிபிகேட் இல்லாம முடியாதாம்."

போனைப் பிடுங்கி அணைத்தேன். மாமா கண் திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். போர்வைக்குள் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் மனுஷர் சிரிக்கிறார்.

மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினார். "என் புள்ளைல்ல... பேரம் பேசாம... ஒரு கிலோ வாங்க மாட்டான்."

"பேசாதீங்க மாமா. மூச்சு வாங்குது."

"விலை இறங்கட்டும்னு கையைக் கட்டிட்டு நிக்கிறவனை... நான் என்ன பண்ணுவேன் தெரியுமா மண்டியில?"

"என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு ஆளைக் கொண்டாந்து மூட்டைப் பக்கத்துல நிறுத்துவேன். அவன் வாங்க வேண்டாம். சும்மா... நின்னா போதும்."

கொஞ்ச நேரம் மாஸ்க்கை மூடிக்கொண்டு கிடந்தார். மறுபடி தூக்கினார். இப்போது சிரிப்பு இல்லை.

"செத்தப்புறம் அவன் என்னைப் பார்த்து என்ன ஆகப் போகுது தாயி? நான் அவனைப் பார்க்கணும்."

மூட்டை மாமாதான். பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. வீரமலை அண்ணன் நின்றார். என் நாத்தனார் வீட்டுக்காரர். துவாக்குடியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவர். அண்ணன் பெயரைச் சொன்னாலே என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. மாமா தன்னுடைய பழைய புல்லட்டை மகனுக்குக் கொடுக்காமல் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று பல வருஷத்துப் புகைச்சல்.

அண்ணன் தலை பளபளவென்று மொட்டை. மேலே சந்தனம். மீசையும் இல்லை.

"என்னண்ணே இது?"

"சமயபுரம் போயிருந்தேம்மா. மாமா பொழைச்சு வந்தா மொட்டை போடுறேன்னு வேண்டிக்கத்தான் போனேன். அப்புறம் ஆத்தாகிட்ட போயி என்ன பேரம், முதல்லயே குடுத்துடுவோம்னு உக்காந்துட்டேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, மாமா பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க. ஒரு போட்டோ."

"இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலத்துலதான் வேணும்."

போட்டோவை அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. அண்ணன் டீ வாங்கப் போனார். அவர் படி இறங்குவதற்குள் போன் அடித்தது.

"யமுனா, அவன் எதுக்கு மொட்டை போட்டிருக்கான்?"

"உங்கப்பாவுக்காகத்தாங்க."

"மீசையைக் காணோம்?"

"அதையும் சேர்த்துத்தாங்க எடுத்தார்."

அந்தப் பக்கம் நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அப்பா இன்னும் இருக்காரேடி!"

"இருக்கார். கடைசி நேரத்துல போயி பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாதுன்னு அண்ணன் முன்னாடியே முடிச்சுட்டார்."

"யாரைக் கேட்டு? பெத்த புள்ள நான் ஒருத்தன் இருக்கேன், அவன் வந்து கொள்ளி வைக்கிறதா?"

"நான் கொள்ளின்னு சொல்லவே இல்லையேங்க."

"நீ சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்! புல்லட்டும் அவனுக்கு, கொள்ளியும் அவனுக்கா?"

"ஏன் கத்தறீங்க? நீங்க நிதானமா செவ்வாய்க்கிழமை பார்த்துட்டே வாங்க. அண்ணன் துவாக்குடிதானே. பஸ் ஏறினா வந்துடுவார்."

டொக்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி வந்து நின்றது. நேர் விமானம். கடைசி நேரத்தில் முன்வரிசை சீட்டுதான் மிச்சம் இருந்ததாம், அதையும் வாங்கியிருக்கிறார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். எடுத்து வைக்க நான் அங்கே இல்லையே.

கதவு திறந்தது. மாமா தலை தூக்கியது. இந்த முறை விழவில்லை.

"டிக்கெட்... எவ்வளவுடா?"

"செவ்வாய்க்கிழமை விலைதாம்ப்பா" என்றார் இவர். அப்புறம் காலைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தவர், நர்ஸ் வந்து அதட்டுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. மாமா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினார்.

அந்தச் சனியும் ஞாயிறும் இவர் கட்டிலை விட்டு நகரவில்லை. உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தார். நகம் வெட்டிவிட்டார். சிங்கப்பூர்க் கதை சொன்னார். மாமா கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். திங்கட்கிழமை விடிகிற நேரத்தில், இவர் கைக்குள் கை இருக்கும்போதே, டியூபில் காற்று நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவர் தாங்கவில்லை.

அன்றைக்கே எடுத்துவிட்டோம். இவர்தான் கொள்ளி வைத்தார். யாரும் போட்டிக்கு வரவில்லை. முந்திக்கொண்டு வருவானோ என்று வழியெல்லாம் வீரமலை அண்ணனை முறைத்துக்கொண்டே போனாராம்.

மறுநாள் சாம்பல் கரைக்க எல்லோரும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரியில் முழங்கால் தண்ணீர். இவர் புது மொட்டை. அண்ணன் மொட்டையில் லேசாக முள் முளைத்திருந்தது. காரியம் செய்துவைக்க வந்த ஐயர் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு மொட்டை நிக்கறதே, இதுல கொள்ளி வெச்ச கர்த்தா யாரு?"

இவர் சடாரென்று ஒரு அடி முன்னால் வந்தார். அண்ணன் பாம்பை மிதித்த மாதிரி நாலு படி பின்னால் தாவினார்.

"ஐயையோ, நான் இல்ல சாமி! நான் சமயபுரத்து மொட்டை. எங்கப்பா கல்லு மாதிரி இருக்காரு. அப்பா இருக்கறவன் இதுல கையே வைக்கக் கூடாது, எங்க வழக்கம். மாமாவுக்கும் அது நல்லாத் தெரியும்."

இவர் கையில் கலயத்தோடு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன்.

"நான் எதாச்சும் பொய் சொன்னேனாங்க?"

கலயத்தைக் கவிழ்த்தார். மாமா கரைந்து போனார். தலை முழுகிவிட்டு இவர் ஈர வேட்டியோடு என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். என் மடியில் இருந்த அவருடைய போன் 'டிங்' என்றது. செவ்வாய்க்கிழமை அல்லவா. குழந்தையும் பதிலுக்கு 'டிங்' என்றது. இவர் எடுத்துப் பார்க்கவில்லை.

"யார் யோசனை?"

"மாமாதாங்க. விலை இறங்கட்டும்னு நிக்கிறவனுக்கு, மூட்டைப் பக்கத்துல இன்னொரு ஆளை நிறுத்தினாப் போதும்னார்."

ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மழித்த தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"காலேஜ் லீவுல எல்லாம் மண்டியில அந்த இன்னொரு ஆளா நின்னதே நான்தாண்டி."