செக்கிங் சாரும் என் காரின் பின்கதவும்

ஹைதராபாத்தின் மௌலா அலி பகுதி முழுவதிலும் திருடவே தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நான் போலீசில் பிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் அவர் பெயர் செக்கிங். நாற்பது வயதைத் தாண்டியவர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பை நம்பி வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. காலை ஆறு மணிக்குத் தெருமுனையிலிருந்து கிளம்பி, நிற்கும் ஒவ்வொரு காரின் எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பார்ப்பார். பூட்டியிருந்தால் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் கைப்பிடியைத் துடைத்துவிட்டு அடுத்த காருக்குப் போவார். பூட்டவில்லையா, அந்த வீட்டு மணி அடிக்கும்.

“லாக் நஹி.”

அவ்வளவுதான் பேச்சு. ஆள் வந்து பூட்டும்வரை நகர மாட்டார். இடுப்புத் துண்டும் தலை நிறையச் சோப்புமாக ஓடி வந்து பூட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை கல்யாணக் காரின் நான்கு கதவையும் இழுத்துப் பார்த்தார். உள்ளே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஓய்வு பெற்று தார்நாகாவிலிருந்து இங்கே குடி வந்த இரண்டாம் நாள் காலை, பால்கனியிலிருந்து பார்த்தால் ஒருவன் கார்க் கதவை இழுக்கிறான், பிறகு துடைக்கிறான். கைரேகையை அழிக்கிறான்! முப்பது வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் தேய்ந்த மூளை ஒரு நிமிடத்தில் முடிவுக்கு வந்தது. போலீசுக்குப் போன் செய்தேன்.

சைரனோடு வந்தார்கள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“எவரு நுவ்வு?” என்று தெலுங்கில் யாரென்று கேட்டார் கான்ஸ்டபிள்.

“எவரு நுவ்வு?” என்றார் செக்கிங்.

“பேரு செப்பு!”

“பேரு செப்பு!”

கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்தது. செக்கிங்கின் கை பாக்கெட்டுக்குள் போனது. அப்போதுதான் நான் மேலிருந்து கத்தினேன்: “பாக்கெட்ல என்னமோ வச்சிருக்கான்! சம்பால்கே, ஜாக்கிரதை!”

உள்ளே இருப்பது துணி என்று எனக்குத் தெரியும். என் போன் வீண் போகக் கூடாது என்பதற்காகக் கத்தினேன். அடுத்த நொடி அவரைக் காரோடு சேர்த்து அழுத்தி முழங்கையை முறுக்கினார்கள். கையில் மஞ்சள் துணி மட்டும் தொங்கியது. அவருடைய அக்கா சரோஜா செருப்பில்லாமல் ஓடி வந்தார். “ஹாத் நக்கோ லகாவ் சாப்! கை வைக்காதீங்க! அவன் கிண்டல் பண்ணல, அவனுக்கு ஆட்டிசம்!”

மூன்று வாரம் செக்கிங் வெளியே வரவில்லை. வந்தபோது எல்லாக் காரையும் பார்த்தார், என் காரைத் தவிர. என் கேட் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

பழம் வாங்கிக்கொண்டு சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“மன்னிப்பு எனக்கெதுக்கு அங்கிள்? நாளைக்கே வேற யாராச்சும் போன் போடுவாங்க. அன்னிக்கு வர்ற போலீசுக்கு இவன் யாருன்னு தெரியணும். அதுக்கு எதாவது பண்ணுங்க. படிச்சவர்தானே?”

கடைசி வார்த்தை ஒரு வாரம் தூங்க விடவில்லை.

ஸ்டேஷனுக்குப் போய், நான் கத்தியது பொய் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். திட்டினார். பிறகு காலை அணிவகுப்பில் பத்து நிமிடம் கொடுத்தார். சரோஜா பேசினார்: சைரனை நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், தொடாதீர்கள், சொன்னதையே திருப்பிச் சொல்வது அவனுடைய பயம். கூட வந்த செக்கிங் அதற்குள் வெளியே ஒரு சுற்றுப் போய் வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்.

“லாக் நஹி.”

இன்ஸ்பெக்டரின் சொந்த ஜீப். ஸ்டேஷனே உதட்டைக் கடித்துக்கொண்டது. அவர் எழுந்து போய்ப் பூட்டினார்.

போன மாதம், செக்கிங் மல்லாபூர்ப் பக்கம் நடந்துவிட்டார். அங்கே யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். சரோஜாவும் நானும் ஆட்டோவில் பறந்தோம். வழியெல்லாம் எனக்கு அந்த முழங்கைதான் கண்ணில் நின்றது.

போலீஸ் வண்டி சத்தமில்லாமல் நின்றிருந்தது. அன்று கையை முறுக்கிய அதே கான்ஸ்டபிள் பத்தடி தள்ளி, கைகளை விரித்துக் காட்டியபடி நின்றார்.

“செக்கிங் சாப்... ஹமாரா காடி பீ தேக்லோ.”

எங்கள் வண்டியையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துச் செக்கிங் காதிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கை பாக்கெட்டுக்குள் போனது. யாரும் அசையவில்லை. மஞ்சள் துணி வெளியே வந்தது. அவர் போலீஸ் வண்டியின் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

“லாக் நஹி.”

“சாரி சாப்,” என்று கான்ஸ்டபிள் சாவியை எடுத்தார்.

“அங்கிள், மூச்சு விடுங்க,” என்றார் சரோஜா. அவரும் அப்போதுதான் விட்டார்.

கண்புரை வந்தபின் நான் கார் ஓட்டுவதில்லை. விற்றுவிடச் சொல்கிறான் மகன். நான் விற்கவில்லை. செக்கிங் என் கேட்டைத் தாண்டிப் போன நாளிலிருந்து, அதன் இடது பின்கதவைத் தினமும் பூட்டாமலே விட்டு வந்தேன்.

போன வாரம் காலை ஆறேகாலுக்கு என் வீட்டு மணி அடித்தது. சாவியை எடுத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் படியிறங்கினேன்.