வெள்ளையில்லையர் அனுப்பிய ரோர்ச்

அந்தக் குளியலறைக்குள் நின்றவர்கள் இரண்டு பேர்: வெள்ளையில்லையரும் நானும். கதவுக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ரூபன். எவருக்காக இவ்வளவும் நடந்ததோ, அந்த வதனியக்கா அங்கே இல்லை. அவர் வவுனியாவுக்கு அங்கால் ஒரு முகாமில், கூடாரம் ஒன்றுக்குள், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருட்டில் இருந்தார்.

வெள்ளையில்லையரைப் பற்றி ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். டென்மார்க்குக்கு வந்த தமிழர்களில் குளிரைக் குறை சொல்லாதவர் இல்லை. சாப்பாட்டைக் குறை சொன்னவர்களும் ஏராளம். ஆனால் நடுப்பகலில் அண்ணாந்து பார்த்து, "உதில நீலம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சூரியனையே குறை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியும். சொல்லிப் பயனில்லை, சொன்னாலும் நாங்கள் இருந்த ஹோர்சன்ஸில் ஒருவருக்கும் ஆளை அடையாளம் தெரியாது.

ஊரின் ஓரத்தில் ரோர்ச் லைற், அதாவது கைவிளக்கு, பொருத்துகிற ஒரு சிறிய தொழிற்சாலை இருந்தது. அவர் அங்கே முழுநேரம். நான் பொறியியல் படித்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் அதே இடத்தில் பெட்டி கட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எதையும் ஒருவருக்கு விளங்கப்படுத்தாவிட்டால் எனக்குச் செமிக்காது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். ரோர்ச்சுக்குள் வெளிச்சம் தருவது எல்.ஈ.டி. என்ற கடுகளவு சாமான். ஒரே இயந்திரத்தில் ஒரே நாளில் செய்தாலும் ஒன்றைப்போல ஒன்று வராது. ஒரே மாவில் வார்த்த தோசையில் ஒன்று வெளிறியும் ஒன்று சிவந்தும் வருகிறதே, அதே கதைதான். அதனால் செய்கிறவர்களே பிரகாசத்துக்கு ஒரு தரம், நிறச் சாயலுக்கு ஒரு தரம் என்று பிரித்து, குறி ஒட்டிச் சுருள் சுருளாக அனுப்புவார்கள். ஒரு ரோர்ச்சுக்குள் போகும் மூன்று எல்.ஈ.டி.யும் ஒரே தரமாக இருக்கவேண்டும். தரம் மாறினால் சுவரில் விழும் வெளிச்சம் ஒரு பக்கம் பச்சையடிக்கும், ஒரு பக்கம் ஊதாவடிக்கும்.

அப்படி மாறியிருக்கிறதா என்று வெள்ளைப் பலகையில் அடித்துப் பார்ப்பது வெள்ளையில்லையரின் வேலை. அடிப்பார். தலையைச் சரிப்பார். ஒற்றைக் கண்ணை மூடுவார். "இது வெள்ளை இல்லை" என்பார். பச்சைச் சாயல் என்றால் அதற்குப் பெயர் பாசி. இளஞ்சிவப்பு என்றால் வெங்காயத்தோல். நீலம் கலந்த வெளிறல் மீன்வயிறு. இதமான மஞ்சளுக்கு நெய் என்று பெயர் வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கனியும்.

வேலை முடிந்தும் வேலை முடியாது. வீட்டில் பால் வெள்ளையாகத் தெரியவில்லை என்று குளிர்சாதனப் பெட்டியின் பல்பை மாற்றினார். தொழிற்சாலைக்கு மேற்பார்வையாளராகப் புதிதாக வந்த போர்மன் வெள்ளைச் சட்டையோடு கைகொடுக்க வந்தபோது, கையிலிருந்த ரோர்ச்சை அவர் நெஞ்சில் அடித்துப் பார்த்து, "நீ வெள்ளை இல்லை" என்று டேனிஷில் சொன்னார். சாப்பாட்டு அறை முழுக்கக் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. போர்மனின் முகம் வெங்காயத்தோலுக்கு வந்தது. நான் எழும்பி, நிறத் தரம் என்றால் என்னவென்று மிகுந்த பொறுப்போடு ஒரு சொற்பொழிவு செய்தேன். போர்மன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டிருக்கிறார். ஜீன்ஸோடு சேர்த்துத் தோய்த்தது உண்மை என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டாராம்.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த ரூபன் பெந்தெகொஸ்தேக்காரன். ஒரு நத்தாருக்கு, பாவம் குடும்பம் இல்லாமல் இருக்கிறாரே என்று இவரைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேடையில் கட்டியிருந்த மின்விளக்குச் சரத்தில் பாசி கலந்திருக்கிறது என்று இவர் கதிரையில் ஏறிப் பச்சையடித்த பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டார். அரை மேடை இருண்டுபோக, இயேசு பிறப்பு நாடகத்தில் வந்த தேவதூதன் ஆட்டுக்குட்டிகளுக்கு மேல் விழுந்தான். அதற்குப் பிறகு ரூபன் அவருக்காக வீட்டிலிருந்தே ஜெபித்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் ஊரில் போர் முடிந்தது. முடிந்தது என்ற சொல்லை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீடுகளில் ரெலிபோன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வெள்ளையில்லையரின் ஒரே கூடப்பிறப்பான வதனியக்கா, போர் நடந்த வன்னிக்குள் இருந்தார். வேலைக்குப் போவார், பலகையில் வெளிச்சம் அடிப்பார், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுப்பார். பாசியும் மீன்வயிறும் தாராளமாகக் கடைகளுக்குப் போயின.

ஜூன் மாதம் வதனியக்கா கதைத்தார். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசி. "தம்பி, நாங்கள் மூண்டு பேரும் இருக்கிறம்" என்றார். பிறகு கெதியாகச் சொல்லவேண்டியதைச் சொன்னார். சாப்பாடு வரிசையில் நின்றால் வருகிறது. உடுப்பு இருக்கிறது. ரோர்ச் ஒன்று வேண்டும். கூடார வரிசையின் அந்தத் தலைப்பில்தான் கக்கூஸ். போகும் வழியெல்லாம் கூடாரக் கயிறும் கழிவுநீர்க் கானும். சின்னவள் கானுக்குள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். பாம்பும் திரிகிறது. அதனால் பிள்ளைகள் பொழுதுபட்டால் தண்ணீர் குடிப்பதில்லை.

ரோர்ச் தொழிற்சாலையில் வேலைசெய்கிறவரிடம் ரோர்ச் கேட்டால் எப்போது கிடைக்கும்? மறுநாளே என்று நீங்கள் நினைத்தால், இவ்வளவு நேரம் நான் சொன்னதை நீங்கள் கவனிக்கவில்லை.

ரோர்ச்சுகள் வீட்டுக்கு வந்தன. மாதிரிக்குச் செய்த சாமான்களைப் போர்மன் அள்ளிக் கொடுத்திருந்தார். ஆனால் டென்மார்க்கின் ஜூன் மாதத்தில் இருட்டுக்கு எங்கே போவது? ஊர் தூங்கப்போன பிறகும் வெளியே பகல்தான். வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே இடம் குளியலறை. வெள்ளை ஓடு பதித்த சுவர் வேறு. அதற்குள் என்னையும் இழுத்துப் பூட்டிக்கொண்டார். தரையில் ஒரு தடியையும் மண்ணிற இடுப்புப் பெல்ற் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ரோர்ச்சை அடித்து, "இதில எது பாம்பு?" என்று என்னைக் கேட்டார்.

"பெல்ற்தான் அண்ணை."

"அது உமக்கு முதலே தெரியும். தெரியாத ஆள் மாதிரிப் பாரும்."

தெரியாத ஆள் மாதிரிப் பார்த்தேன். மீன்வயிற்று வெளிச்சத்தில் இரண்டும் ஒரே சாம்பல். நெய் வெளிச்சத்தில் தடி தடியாகவும் பெல்ற் பெல்ற்றாகவும் தெரிந்தன. பாம்பு பார்க்க நெய்தான் சரி என்று அவர் சொன்னது உண்மை. சுட்ட மானின் தடம் தேடும் வேட்டைக்காரர்களுக்காகத் தொழிற்சாலை செய்து பார்த்த ரோர்ச் அது. நெய் நிறத்தில் பிரகாசம் ஒரு தரம் குறையும், அவ்வளவுதான். நித்திரையால் எழும்பும் பிள்ளைகளின் கண்ணும் கூசாது என்றார். ஆனால் நெய்யிலும் அவரிடம் பல நெய் இருந்தது. உருக்கிய நெய், உறைந்த நெய், பழைய நெய் என்று நாள்கணக்கில் தெரிவு நடந்தது.

ரூபன் கதவைத் தட்டினான். முதலில் அவசரத்தில் தட்டினான், பிறகு கோபத்தில் தட்டினான்.

"அண்ணை, அக்கா அங்க இருட்டுக்க விழுந்து காலை முறிக்கப்போறா. நீங்கள் இஞ்ச நிண்டு கலர் பாருங்கோ. கண்டறியாத கலர். என்ரை பெல்ற்றையும் தாங்கோ."

உள்ளே வெளிச்சம் அணைந்தது. கதவைத் திறந்து, பெல்ற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளையில்லையர் போய்க் காலில் சப்பாத்தைக் கொழுவினார். அடுத்த ரயிலில் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் புரொண்பிக்குப் போய், கொழும்புக்குப் பார்சல் அனுப்புகிறவரிடம் நெய் ரோர்ச்சையும் ஒரு பெட்டி பற்றரியையும் நேரில் கொடுத்துவிட்டு வந்தார். அது கொழும்பு போய், வவுனியாவில் இருந்த ஒரு மச்சானின் கைக்குப் போய், முகாம் வாயிலில் காவலுக்கு நின்றவர்கள் கழற்றிப் பூட்டிச் சோதித்த பிறகு அக்காவிடம் சேர்ந்தது.

பிறகு அக்காவின் அழைப்பு வந்தது. நாங்களும் கேட்கட்டும் என்று வெள்ளையில்லையர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"ரோர்ச் வந்தது தம்பி. நல்ல பாரமாத்தான் இருக்கு. பற்றரிதான் முடியப்போகுது. அதால அடிக்காமல் துணியில சுத்தி வைச்சிருக்கிறன்."

வெள்ளையில்லையருக்கு விளங்கவில்லை. "புதுப் பற்றரி அனுப்பினனான் அக்கா."

"அதையும் போட்டுப் பாத்தன். அதுவும் மஞ்சளாத்தான் எரியுது. உன்னை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

"அது பற்றரி இல்லை அக்கா. அதின்ர நிறமே அப்பிடித்தான். விசேஷமான நிறம்."

"எனக்கு ரோர்ச் தெரியாதோடா? மஞ்சளா எரிஞ்சால் முடியப்போகுது எண்டுதான் அர்த்தம்."

வன்னிக்குள் பற்றரி வருடக்கணக்காகத் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு சோடி பற்றரியை வெயிலில் காயவைத்து, சூடுகாட்டி, கடைசிச் சொட்டுவரை எரித்த ஊர்க்காரருக்கு மஞ்சள் என்றால் என்னவென்று படிப்பிக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அக்கா இன்னமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார். வெள்ளையில்லையர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். தோசையைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். ரூபன் என் காலை மிதித்தான்.

சப்பாத்தைக் கொழுவி மூவரும் மலிவுவிலைப் பேரங்காடிக்குப் போனோம். காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சூயிங்கத்துக்குக் கீழே, அவரே கழித்து மலிவுவிலைக்குப் போன சுருளில் செய்த ரோர்ச்சுகள் தொங்கின. அசல் மீன்வயிறு. ஒன்றை எடுத்து மேற்சட்டைக்குள் பாதி மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். திருடுகிறார் என்று நினைத்துக் காசாளர்ப் பெண் இரண்டு தரம் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் பாண் வாங்க வந்து நின்றவர் போர்மன். அவர் ரோர்ச்சைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது ரோர்ச் போய்ச் சேர்ந்தது. அக்காவின் குரலே மாறியிருந்தது. பட்டப்பகல் மாதிரி அடிக்கிறதாம். வரிசையில் உள்ள கூடாரமெல்லாம் இரவல் கேட்கிறதாம். பிள்ளைகள் ஆசைக்குத் தண்ணீர் குடிக்கிறார்களாம்.

"இதெல்லோ ரோர்ச். என்ன வெள்ளை, பாத்தியே?"

நானும் ரூபனும் அவர் முகத்தைப் பார்த்தோம். வெள்ளையில்லையர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"ஓம் அக்கா" என்றார். "நல்ல வெள்ளை."

போகிற போக்கில் அக்கா மற்றதைச் சொன்னார். அந்த மஞ்சளை எறிய மனம் வரவில்லையாம். முடியப்போகிறதுதானே, முடியட்டும் என்று கூடாரக் கம்பில் கட்டி எரியவிட்டிருக்கிறாராம். சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிறாள், இப்போது திடுக்கிட்டு எழும்பி அழுவதில்லை. "ஆனால் அது முடியுதில்லையடா" என்று அக்கா அதிசயப்பட்டார்.

அன்றிலிருந்து வெள்ளையில்லையருக்கு ஒரே வேலை. வேலையால் வந்ததும் வராததுமாக வெளிநாட்டுக்கு அழைக்கும் முன்பண அட்டையான ரெலிபோன் காட்டைச் சுரண்டுவார். இலக்கங்களைக் குத்துவார். அங்கே யாரையோ பிடித்து அக்காவை வரப்பண்ணி, "மஞ்சள் இன்னும் எரியுதோ?" என்று கேட்பார். எரிகிறது என்றால் வைத்துவிடுவார். ரூபனும் நானும் முறைவைத்துக் காட் வாங்கி, எவரோ மறந்துவிட்டுப்போன மாதிரிக் குசினி மேசையில் போட்டுவைப்போம். அக்காவும் பிள்ளைகளும் முகாமை விட்டு வெளியே வருகிறவரைக்கும், ரோர்ச், பார்சல், காட் எல்லாம் சேர்த்து எங்களுக்குச் செலவாக முடிந்தது இரண்டாயிரத்து முந்நூறு குரோனர்.